மார்ச் 8, பிப்ரவரி 23, ஒரு சிறை வாசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் மார்ச் மாதக் கூட்டம் என்றால் சில வருஷங்களாக ரஷ்யக் கவிதைதான். மகளிர் தினத்தின் கதையில் ஆரம்பித்து கவிஞர் அன்னா அக்மதோவாவில் போய் முடியும். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வரும் சந்தேகங்கள் ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட அதேதான். அரசாங்கம் நடத்தும் விழாவுக்கும் சிறை வாசலில் நின்ற ஒரு தாயின் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

மகளிர் தினம்னா ஐ.நா. சபை ஆரம்பிச்சதுதானே?

இல்லை. ஐ.நா. அதைக் கையில் எடுத்தது 1970களில்தான். 1975ஐ சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவித்தது. 1977இல் பொதுச்சபை தீர்மானம் போட்டது. அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே இந்த நாள் உண்டு.

1910இல் கோபன்ஹேகனில் சோஷலிசப் பெண்கள் மாநாடு நடந்தது. ஆண்டுதோறும் பெண்களுக்கென்று ஒரு போராட்ட நாள் வேண்டும் என்று ஜெர்மனியின் கிளாரா ஜெட்கின் அங்கே முன்மொழிந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 19 அன்று ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கேட்டது வாக்குரிமையும் வேலை உரிமையும். ரஷ்யாவுக்கு இந்த நாள் 1913இல் வந்தது. மார்ச் 8 என்ற தேதி உறுதியானதற்குக் காரணம் 1917.

1917 புரட்சியை பிப்ரவரிப் புரட்சின்னும் சொல்றாங்க, மார்ச் 8ன்னும் சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. மற்ற நாடுகளை விட 13 நாள் பின்னால். மற்றவர்களுக்கு மார்ச் 8 ஆக இருந்த நாள் அவர்களுக்கு பிப்ரவரி 23.

அந்த மகளிர் தினத்தன்று பெட்ரோகிராடின் வீபர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். போர் மூன்றாவது வருஷத்தைத் தாண்டப் போகிறது, ரொட்டிக் கடை வாசலில் விடியாத நேரத்திலேயே வரிசை, புருஷன் போர்முனையில். ரொட்டி கொடு என்று கத்திக்கொண்டு பக்கத்து உலோக ஆலைகளுக்குப் போய் ஆண் தொழிலாளர்களையும் வெளியே இழுத்தார்கள். இன்று வேண்டாம் என்று கட்சித் தலைவர்கள் சிலர் சொல்லியும் அவர்கள் நிற்கவில்லை. ஏழே நாளில் ஜார் இரண்டாம் நிகொலாய் முடி துறந்தார். அதே ஆண்டில் ரஷ்யப் பெண்களுக்கு வாக்குரிமையும் வந்தது.

இந்த "பிப்ரவரி 23" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலுக்கு அது வேண்டும்.

பிப்ரவரி 23 அங்கே ஆண்கள் தினமாமே? அது எப்படி?

சட்டப்படி அது ராணுவ நாள். சோவியத் அரசின் படையான செஞ்சேனையை அமைக்கும் ஆணை 1918 ஜனவரியில் வந்தது. அதன் முதலாண்டு விழாவை 1919இல் கொண்டாட நினைத்தபோது உரிய தேதி தாண்டிவிட்டது. படைவீரர்களுக்குப் பரிசு திரட்டும் நாள் ஒன்று பிப்ரவரி 17க்கு முடிவாகியிருந்தது. அதோடு சேர்த்துவிடலாம் என்றார்கள். அது திங்கட்கிழமையாகப் போனதால், அடுத்து வந்த ஞாயிறுக்குத் தள்ளினார்கள். அந்த ஞாயிறுதான் பிப்ரவரி 23. அன்று ஜெர்மன் படையை வென்றோம் என்ற கதை பிற்பாடு, ஸ்டாலின் காலத்தில் பாடப்புத்தகத்தில் ஏறியது. அப்படி ஒரு வெற்றி நடக்கவில்லை.

ஆண்கள் எல்லோரும் கட்டாய ராணுவ சேவைக்கு உரியவர்கள் என்பதால், ராணுவ நாள் மெல்ல எல்லா ஆண்களுக்குமான நாளாக விரிந்தது. 1995இல் "தாயகக் காவலர் நாள்" என்று பெயர் மாறியது, 2002இலிருந்து பொது விடுமுறை.

இதில் என்னை உலுக்குவது தேதிதான். பெண்கள் ரொட்டிக்காகத் தெருவில் இறங்கிய பிப்ரவரி 23, நாட்காட்டி மாறியபின் சீருடைக்கும் துப்பாக்கிக்கும் உரிய நாளாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் ஒரே தேதி இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஆணிடமும் மற்றது பெண்ணிடமும் போனதை நினைத்தால் எனக்கு அதைச் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

அந்த ரெண்டு நாள்லயும் மக்கள் உண்மையில் என்ன செய்வாங்க?

பிப்ரவரி 23 வந்தால் பள்ளியில் பெண் குழந்தைகள் பையன்களுக்கு வாழ்த்து அட்டை செய்து தருவார்கள். அட்டையில் டாங்கி, விமானம், நட்சத்திரம். அலுவலகத்தில் பெண்கள் பணம் போட்டு ஆண்களுக்குக் காலுறையோ சவரக் களிம்போ வாங்குவார்கள். இரண்டு வாரம் கழித்து மார்ச் 8. இப்போது பையன்கள் முறை. மிமோசா என்ற மஞ்சள் பூங்கொத்து, துலிப், சாக்லேட். அன்றைக்கு ஒருநாள் கணவர் சமைப்பார், பாத்திரம் கழுவுவார்.

ஆறு வயதுப் பையனுக்கு டாங்கி படம் போட்ட அட்டை, ஆறு வயதுப் பெண்ணுக்குப் பூப்படம் போட்ட அட்டை. வருஷா வருஷம், பத்துப் பதினொரு வருஷம், பள்ளி முடியும்வரை. நீ காப்பவன், நீ காக்கப்படுபவள் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விழா வேலை செய்யும் விதமே இதுதான். சட்டம் கதவைத் தட்டிக்கொண்டு வரும், விழா இனிப்போடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

போராட்ட நாள் எப்போ பூங்கொத்து நாளா மாறிச்சு?

ஒரே நாளில் மாறவில்லை. 1919இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் பெண்கள் துறை ஒன்று தொடங்கியது. இனெஸ்ஸா அர்மாண்ட், அலெக்சாந்திரா கொலந்தாய் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். பொதுச் சமையல்கூடம், குழந்தைக் காப்பகம், துணி வெளுக்கும் நிலையம் என்று, வீட்டுவேலையைப் பெண்ணின் தோளிலிருந்து இறக்க முயன்ற காலம் அது. 1932இல் வந்த மார்ச் 8 சுவரொட்டி ஒன்றில்கூட, இது சமையலறை அடிமைத்தனத்துக்கு எதிராக உழைக்கும் பெண்கள் எழுச்சி கொள்ளும் நாள் என்று எழுதியிருக்கும். ஆனால் அந்தச் சுவரொட்டி வந்தபோது பெண்கள் துறையை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று 1930இல் கட்சி சொல்லிவிட்டது.

1920இல் அனுமதித்த கருக்கலைப்பை 1936இல் தடை செய்தார்கள். அரசுக்கு இப்போது பிள்ளைகள் வேண்டும், நிலையான குடும்பங்கள் வேண்டும். மார்ச் 8 உரைகளில் தாய் முன்னால் வந்தாள், போராளி பின்னால் போனாள்.

பிறகு 1965. இரண்டாம் உலகப் போர் முடிந்த இருபதாம் ஆண்டு. மே 9 வெற்றி நாள் 1948இலிருந்து சாதாரண வேலைநாளாக இருந்தது. அதை மீண்டும் விடுமுறையாக்கினார்கள். அதே வசந்தத்தில் மார்ச் 8க்கும் விடுமுறை அறிவித்தார்கள், போர்முனையிலும் பின்னணியிலும் பெண்கள் காட்டிய தியாகத்துக்கான மரியாதையாக. விடுமுறை கிடைத்ததும் ஊர்வலம், கூட்டம் எல்லாம் தேய்ந்தன, நாள் முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் ஊர் அலுவலகங்களில் அன்றைக்கு ரோஜாவும் கோலப்போட்டியும் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1965 ஞாபகம் வரும்.

பத்துப் பிள்ளை பெத்தா பதக்கம்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். 1944 ஜூலை 8ஆம் தேதி ஆணை. ஐந்து, ஆறு பிள்ளைகளுக்குத் தாய்மைப் பதக்கம். ஏழு முதல் ஒன்பதுவரை "தாய்மைப் புகழ்" விருது. பத்து என்றால் "வீரத்தாய்" பட்டம், நட்சத்திரப் பதக்கத்தோடு. சோவியத் காலம் முடிவதற்குள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்தப் பட்டம் வாங்கினார்கள்.

ஆணையின் உள்விவரம் இன்னும் முக்கியம். பத்தாவது குழந்தைக்கு ஒரு வயது நிறையும்போது மற்ற ஒன்பதும் உயிரோடு இருக்க வேண்டும். போரில் இறந்த அல்லது காணாமல் போன பிள்ளையை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். அதாவது ஒரு குழந்தை காய்ச்சலில் செத்திருந்தால் எண்ணிக்கை குறையும், போரில் செத்திருந்தால் குறையாது. எந்தச் சாவு அரசின் கணக்கில் சாவு, எது தாயின் சொந்தக் கணக்கு என்று ஒரு விதி பிரித்துவிட்டது. இந்த வரியை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறெதுவும் படிக்க முடியவில்லை.

அதே ஆணை விவாகரத்தைக் கடினமாக்கியது, பிள்ளை இல்லாதவர்கள் மீதான வரியை விரித்தது. பதிவுத் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தந்தைமீது உரிமை கோரும் வழியையும் அடைத்தது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கு நேரே ஒரு கோடு. 1968 வரை இந்த நிலைதான்.

சோவியத் பெண்கள் துப்பாக்கி தூக்கினாங்க, விமானம் ஓட்டினாங்க. அவங்களைப் போய் "காத்திருக்கிறவள்"னு எப்படிச் சொல்றது?

நியாயமான கேள்வி. இரண்டாம் உலகப் போரில் சுமார் 8 லட்சம் பெண்கள் படையில் இருந்தார்கள். மருத்துவ உதவியாளர்கள் மட்டுமல்ல, குறிபார்த்துச் சுடுபவர்கள், டாங்கி ஓட்டுநர்கள், பெண்கள் மட்டுமே இருந்த இரவுக் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவு எல்லாம் உண்டு. ஆனால் 1945 ஜூலையில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பெண்களிடம் பேசிய சோவியத் அரசுத் தலைவர் மிகயீல் கலீனின், நீங்கள் ஆற்றிய சேவையை நீங்களே பேசிக்கொள்ள வேண்டாம், மற்றவர்கள் பேசட்டும் என்ற பொருளில் அறிவுரை சொல்லி அனுப்பினார். மற்றவர்கள் பேச இருபது வருஷம் ஆயிற்று. அதற்குள் பல பெண்கள் பதக்கத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் குடும்பம் நடத்தப் போயிருந்தார்கள்.

காத்திருப்பவள் என்ற உருவத்தை ஊன்றியதில் ஒரு கவிதைக்குப் பெரிய பங்கு உண்டு. கான்ஸ்தந்தீன் சீமனவ் 1941இல் எழுதிய "எனக்காகக் காத்திரு". 1942 ஜனவரியில் பிராவ்தா நாளிதழில் வந்தது. வீரர்கள் அதைக் கத்தரித்துக் கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் தாயும் பிள்ளையும்கூட நம்பிக்கை இழந்துவிடுவார்கள், நண்பர்கள் நினைவுக் கோப்பை அருந்துவார்கள், நீ மட்டும் காத்திரு, உன் காத்திருப்பே என்னைக் காப்பாற்றும் என்று வரும். அருமையான கவிதை, அதில் சந்தேகமே இல்லை. குண்டு விழும் இடத்தில் இருப்பவனுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! ஆனால் திரும்பி வராதவனின் மனைவி அதை எப்படிப் படித்திருப்பாள்? நான் சரியாகக் காத்திருக்கவில்லையோ என்றல்லவா நினைத்திருப்பாள்? சோவியத் ஒன்றியம் அந்தப் போரில் இழந்தது சுமார் 2.7 கோடிப் பேரை.

சரி, அக்மதோவா இதுல எங்க வர்றாங்க?

அவரும் காத்திருந்தார். ஆனால் அரசு கொண்டாடிய காத்திருப்பு அல்ல.

அன்னா அக்மதோவா பிறந்தது 1889இல், ஒதேசாவுக்குப் பக்கத்தில். இருபது வயதுகளிலேயே புகழ்பெற்ற காதல் கவிஞர். முதல் கணவர் கவிஞர் நிகொலாய் குமிலியோவை 1921இல் சதிக் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுடைய ஒரே மகன் லெவ் 1935இல் கைதாகி விடுதலையானான், 1938இல் மறுபடி கைதானான். அந்த இரண்டாம் முறைதான் அக்மதோவா லெனின்கிராடின் (பெட்ரோகிராடுக்குப் பின்னாளில் வந்த பெயர்) கிரெஸ்தி சிறை வாசலில் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றார். மொத்தம் 17 மாதம் சிறை வரிசைகளில் கழித்ததாக எழுதியிருக்கிறார். கையில் பொட்டலம். சன்னலில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்; வேறு தகவல் கிடைக்காது.

ஒருநாள் பின்னால் நின்ற, குளிரில் உதடு நீலம் பாய்ந்த ஒரு பெண் அவர் காதருகில் கேட்டாள், இதை உங்களால் எழுத முடியுமா என்று. முடியும் என்றார். "ரெக்வியம்" என்ற கவிதைத் தொடரின் முன்னுரை இந்தச் சம்பவம்தான். ரெக்வியம் என்றால் இறந்தவர்க்கான வழிபாட்டுப் பாடல், இரங்கற்பா என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படி ஒரு கவிதையை ஸ்டாலின் காலத்துல எங்க ஒளிச்சு வெச்சாங்க?

தாளில் வைக்கவில்லை, தலைக்குள் வைத்தார்கள். லிடியா சுகோவ்ஸ்கயா என்ற தோழி எழுதிவைத்த நாட்குறிப்பில் இது வருகிறது. அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கலாம் என்ற பயத்தில், அக்மதோவா திடீரென்று டீ குடிக்கிறீர்களா என்று உரக்கக் கேட்பார். பேசிக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் வேகமாக எழுதி நீட்டுவார். தோழி படித்து மனப்பாடம் செய்து திருப்பித் தருவார். இந்த வருஷம் இலையுதிர்காலம் சீக்கிரம் வந்துவிட்டது என்று அக்மதோவா மறுபடி உரக்கச் சொல்லிவிட்டு, தீக்குச்சி உரசி, சாம்பல் கிண்ணத்தின்மேல் தாளை எரிப்பார்.

இப்படிச் சில நம்பகமான தோழிகளின் நினைவில்தான் கவிதை பல வருஷம் இருந்தது. சுகோவ்ஸ்கயாவும் அதே வரிசைகளில் நின்றவர். அவர் கணவர், இயற்பியலாளர் மத்வேய் பிரான்ஷ்டெய்னை 1938 பிப்ரவரியிலேயே சுட்டுவிட்டார்கள். மனைவிக்குச் சொன்ன தீர்ப்போ, பத்தாண்டு, கடிதத் தொடர்புக்கு உரிமை இல்லை என்பது. கொன்றுவிட்டோம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று குடும்பங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அச்சில் முதலில் வந்தது 1963இல், மியூனிக்கில், ஆசிரியரின் ஒப்புதல் இல்லாமல். சோவியத் மண்ணில் 1987இல்.

"ரெக்வியம்" அரசியல் கவிதையா, குடும்பக் கவிதையா?

இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. என் பதில், அது குடும்பக் கவிதை. அதனால்தான் அரசாங்கம் பயந்தது. அதில் ஸ்டாலினைத் திட்டும் வரிகளைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். விடியலில் வீட்டு ஆளை இழுத்துக்கொண்டு போகிறார்கள், பிணத்தின் பின்னால் போவதுபோல் அவள் பின்னால் போகிறாள். புருஷன் கல்லறையில், மகன் சிறையில், எனக்காகப் பிரார்த்தியுங்கள் என்கிறாள். இன்றைக்கு நிறைய வேலை இருக்கிறது, நினைவைக் கொல்ல வேண்டும், நெஞ்சைக் கல்லாக்க வேண்டும், மறுபடி வாழக் கற்க வேண்டும் என்று வீட்டுவேலைப் பட்டியல்போல எண்ணுகிறாள்.

சிலுவைப் பகுதி ஒன்று உண்டு. மகதலேனாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள், அன்புச் சீடன் கல்லாகி நிற்கிறான். ஆனால் தாய் மௌனமாக நின்ற இடத்தை ஏறிட்டுப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. நான்கே வரி. பதக்கம் குத்திய மார்பைப் பார்க்க எல்லோரும் திரண்டு வந்த நாட்டில், அந்தப் பக்கம் பார்க்க யாருக்கும் துணிவில்லை என்று ஒரு பெண் எழுதினார்.

அதே அக்மதோவா ஸ்டாலினைப் புகழ்ந்தும் எழுதினாங்களாமே? அப்போ எப்படி நம்பறது?

எழுதினார். 1950இல் ஒரு பிரபல வார இதழில் ஸ்டாலினையும் சமாதானத்தையும் வாழ்த்தும் கவிதைகள் வந்தன. லெவ் முதல் தண்டனை முடிந்து, தானே விரும்பிப் படையில் சேர்ந்து, பெர்லின்வரை போய்ப் போரிட்டுத் திரும்பியவர். 1949இல் அவரை மூன்றாம் முறை கைது செய்து பத்தாண்டு கொடுத்தார்கள். பிப்ரவரி 23இல் கொண்டாடும் "தாயகக் காவலர்"களில் அவரும் ஒருவர்தானே? அந்த மகனை மீட்க, தாயிடம் இருந்த ஒரே பொருளை அவர் விற்றார். பலன் இல்லை, லெவ் வெளியே வந்தது 1956இல். தன் தொகுப்புகளில் அந்தக் கவிதைகளைச் சேர்க்க வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார். இதை வைத்து அவரை எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் வலிக்கிற ஒன்று, மகனுக்கும் தாய்க்கும் கடைசிக் காலத்தில் ஒட்டவில்லை. தனக்காக அம்மா போதுமான அளவு முயலவில்லை என்ற கசப்பு லெவுக்கு இருந்தது. அரசு செய்த கொடுமை இரண்டு பேருக்கும் நடுவில் சுவராக நின்றுவிட்டது.

அரசே வெச்ச நினைவுச் சின்னங்கள்ல நல்ல கவிதையே கிடையாதா?

இருக்கிறது. கவிஞர் ஓல்கா பெர்கோல்ட்ஸைப் படியுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகையிட்ட 872 நாட்களிலும் அந்த நகரத்து வானொலியின் குரல் அவர். பிஸ்கர்யோவ்ஸ்கயே இடுகாட்டில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் கூட்டுக் குழிகளில் கிடக்கிறார்கள். 1960 மே 9 அன்று திறந்த அந்த நினைவிடத்தின் சுவரில் அவர் எழுதிய வரிகள்தான் இருக்கின்றன: "எவரும் மறக்கப்படவில்லை, எதுவும் மறக்கப்படவில்லை." அந்த நாட்டின் வெற்றி நாள் மேடைகளில் இதைக் கேட்காத வருஷம் இல்லை.

அவருடைய சொந்தக் கணக்கைப் பாருங்கள். முதல் கணவர் கவிஞர் பரீஸ் கர்னீலவை 1938இல் சுட்டார்கள். இரண்டு மகள்கள் சின்ன வயதிலேயே நோயில் போனார்கள். 1938 டிசம்பரில் அவரையே கைது செய்தார்கள். வயிற்றில் இருந்த குழந்தையைச் சிறையில் இழந்தார். இரண்டாம் கணவர் 1942 ஜனவரியில் முற்றுகைப் பட்டினியில் இறந்தார். கணவர் பட்டினியில் இறந்தது நாட்டின் துக்கம், கல்லில் ஏறும். சிறையில் போன குழந்தை ஏறாது. "எதுவும் மறக்கப்படவில்லை" என்று எழுதிய கைக்கு அது தெரியும். எனக்கு அந்த வரி வாக்குறுதியாகக் கேட்பதில்லை, மன்றாட்டாகக் கேட்கிறது.

ஆம்பளைங்க துக்கப்பட்டதே இல்லையா? எல்லாம் பெண்கள் கவிதையாவே சொல்றீங்க?

பட்டார்கள். விழா அவர்களிடமிருந்தும் ஒன்றைப் பறித்தது. டாங்கி அட்டை வாங்கி வளர்ந்த பையனுக்கு அழ நாள் கிடையாது.

அலெக்சாந்தர் த்வர்தோவ்ஸ்கி 1943இல் எழுதிய "இரண்டு வரிகள்" என்ற சின்னக் கவிதையைச் சொல்வேன். பழைய குறிப்பேட்டில் இரண்டு வரி: 1940இல் ஃபின்லாந்தில் பனிமேல் செத்துக் கிடந்த ஒரு பையன். உடம்பு சின்னது, மேலங்கி பெரிது. பெரிய போர் நடந்துகொண்டிருக்கும்போது, அந்த "அவ்வளவாகப் பெயரில்லாத" சின்னப் போரில் செத்த பையனுக்காக ஏன் இப்படி வலிக்கிறது, நானே அங்கே உறைந்து, மறக்கப்பட்டுக் கிடப்பதுபோல் இருக்கிறதே என்கிறார். ஃபின்லாந்துப் போருக்கு வெற்றி விழா கிடையாது. அவருடைய அப்பா ஒரு கொல்லர்; பணக்கார விவசாயி என்று முத்திரை குத்திக் குடும்பத்தையே ஊரைவிட்டுத் தூரத் துரத்தினார்கள். அந்த அப்பாவைப் பற்றிய நெடுங்கவிதை, த்வர்தோவ்ஸ்கி இறந்து பல வருஷம் கழித்து, 1987இல்தான் அங்கே வெளிவந்தது. ஆம், "ரெக்வியம்" வந்த அதே வருஷம்.

நம்ம புறநானூற்றுத் தாய் மாதிரிதானே இந்த வீரத்தாயும்?

சாயல் இருக்கிறது. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று தாய்க்கு ஒரு வேலை, தந்தைக்கு ஒரு வேலை, வேந்தனுக்கு ஒரு வேலை என்று பொன்முடியார் பிரிக்கிறார். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டில் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி வேல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள் தாய். ஆனால் அதே தொகுப்பிலேயே பாரி மகளிர் "அற்றைத் திங்கள்" என்று அப்பனையும் குன்றையும் இழந்து நிற்கிறார்கள். தொகுத்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். சோவியத் அரசு ஒன்றை மேடையில் ஏற்றி மற்றொன்றைச் சாம்பல் கிண்ணத்துக்கு அனுப்பியது. ஒப்பிடுவதானால் இந்த வேறுபாட்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

அப்போ மார்ச் 8க்குப் பூ கொடுக்கறதே தப்புன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்லை. அங்கே நிறையப் பெண்களுக்கு அந்த நாள் நிஜமாகவே பிடிக்கும். கடுங்குளிர் முடியும் நேரம், மஞ்சள் பூ, ஒரு நாள் ஓய்வு. முழுநேர ஆலை வேலையும் வீட்டு வேலையும் சேர்த்துச் சுமந்தவளுக்கு அந்த ஒரு நாளை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நான் கேட்பது, மீதி 364 நாளில் யார் சமைத்தார்கள், ரொட்டி கேட்ட குரல் எங்கே போயிற்று என்பதைத்தான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு "சோவியத் நாடு" பத்திரிகை வரும். அந்த வழவழப்பான தாளில்தான் பள்ளி நோட்டுக்கு அட்டை போடுவோம். சிரிக்கும் தாய்மார்கள், கன்னம் சிவந்த குழந்தைகள். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால்தான், அட்டைக்கு வெளியே நின்ற பெண்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

இதெல்லாம் பழைய கதை. இப்ப அங்க எப்படி?

முடிந்த கதை இல்லை. 1995 மார்ச் 8 அன்று, செச்சென் போருக்கு எதிராகப் படைவீரர்களின் தாய்மார்கள் மாஸ்கோவிலிருந்து கிரோஸ்னியை நோக்கிப் பயணம் கிளம்பினார்கள். பூங்கொத்து நாளை அவர்கள் மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் என்ற அரசு கொடுத்த வேடத்தையே போட்டுக்கொண்டு, என் பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள்.

2022 ஆகஸ்டில், உக்ரைன் போர் நடந்துகொண்டிருக்கும்போது, மேலே சொன்ன "வீரத்தாய்" பட்டத்தை ரஷ்யா மீண்டும் கொண்டுவந்தது. இப்போது 10 லட்சம் ரூபிளோடு. 2025 மார்ச் 8ஐ ஒட்டி மூர்மன்ஸ்க் வட்டாரத்தின் ஒரு சிற்றூரில், போரில் மகனை இழந்த தாய்மார்களுக்கு ஆளுங்கட்சிக் கிளையினர் பூவோடு இறைச்சி அரைக்கும் இயந்திரம் பரிசளித்தார்கள். ஆட்களைக் கொத்துக் கொத்தாகப் பலி வாங்கும் போர்முனைக்கும் ரஷ்ய மொழியில் அதே சொல்தான். கண்டனம் எழுந்ததும், ஒரு தாய் கேட்டதால் கொடுத்தோம் என்று விளக்கம் வந்தது. அந்தப் படத்தில் இருந்த பெண்களின் முகத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

அக்மதோவாவுக்குச் சிலை வெச்சாங்களா?

அதற்கு முன் அவர் இறந்த நாளைச் சொல்ல வேண்டும். 1966 மார்ச் 5. மூன்று நாள் கழித்து வந்த மார்ச் 8தான் நாடு முழுக்க விடுமுறையாகக் கொண்டாடிய முதல் மகளிர் தினம். நகரமெங்கும் மிமோசா விற்ற அன்று அவர் உடல் மாஸ்கோவில் ஒரு பிணவறையில் இருந்தது. மறுநாள் அஞ்சலி, பிறகு லெனின்கிராடுக்கு விமானத்தில். 10ஆம் தேதி கொமரோவோவில் அடக்கம். லெவ் வந்திருந்தார்.

சிலை பற்றி அவரே "ரெக்வியம்" முடிவில் எழுதிவைத்திருக்கிறார். எப்போதாவது எனக்குச் சிலை வைக்க நினைத்தால், நான் பிறந்த கடலோரத்தில் வேண்டாம், ஜாரின் தோட்டத்தில் வேண்டாம், நான் முந்நூறு மணிநேரம் நின்றும் தாழ் திறக்காத இந்த இடத்தில் வையுங்கள் என்று. 2006இல் வைத்தார்கள். சிறை வாசலில் இல்லை, நேர் எதிர்க்கரையில். நடுவில் நெவா ஆறு. 2017இல் கைதிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள், செங்கல் சிறை அப்படியே நிற்கிறது. வெண்கல இமைகளிலிருந்து உருகிய பனி கண்ணீர்போல வழியட்டும், கப்பல்கள் நெவாவில் மெல்லப் போகட்டும் என்று கவிதையில் கேட்டிருந்தார். மார்ச்சில் அங்கே பனி உருகத் தொடங்கும்.